மும்பைல நாலு நாள் கம்மி காசுல சுத்த எங்க தங்கலாம்: கொலாபாவா, அந்தேரியா, மாட்டுங்காவா, டோம்பிவிலி சித்தப்பா வீடா?

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு தென்காசில இருந்து அக்கா மவன் போன். "மாமா, பொங்கலுக்கு நாங்க மூணு பேரு மும்பை வர்றோம், நாலு நாளு மூணு ராத்திரி, ட்ரெயின் காசு தனி, அது போக ஆளுக்கு ஒரு நாளைக்கு 1200 ரூபா தான் பட்ஜெட், எங்க தங்கலாம்னு நீங்களே சொல்லுங்க"ன்னான். சொல்லிட்டு மூணு லிங்க்கும் அனுப்பிட்டான். ஒண்ணு கொலாபால டார்மிட்டரி, ஒண்ணு அந்தேரில சுவரெல்லாம் படம் வரஞ்சு வச்சிருக்குற பேக்பேக்கர் ஹாஸ்டல், ஒண்ணு தாதர் ஈஸ்ட்ல லாட்ஜ். நாலாவதா வந்தது லிங்க் இல்ல, எங்க அக்காவோட வாய்ஸ் மெசேஜ்: "ஏல தம்பி, டோம்பிவிலில அவன் சித்தப்பா வீடு இருக்கும்போது எதுக்கு ரூமுக்கு காசு குடுக்கணும்?"

எங்க வீட்லயே படுக்க வைக்கலாம்தான், ஆனா சயான் கோலிவாடால நாங்க இருக்குறது ஒரு ரூம் ஒரு கிச்சன், ஏற்கனவே அஞ்சு பேரு, மாமியார் வேற ஊர்ல இருந்து வந்திருக்காங்க. மும்பைக்காரன்ட்ட இதுக்கு மேல வீட்டப் பத்தி கேக்கப்படாது.

சரி, பய கேட்டதுக்காக உக்காந்து யோசிச்சேன், யோசிச்சத எழுதிட்டா இவன மாதிரி கேக்குற மத்தவங்களுக்கும் அனுப்பிரலாம்னு தோணுச்சு, ஏன்னா வருசத்துக்கு நாலு பேராவது இதே கேள்விய கேக்குறாங்க. எல்லாரும் ரூம் வாடகைய மட்டும் பாக்குறாங்க, அங்கதான் தப்பு பண்றாங்க. இந்த ஊர்ல நீ எவ்வளவுக்கு படுக்குறங்கிறத விட எந்த லைன்ல படுக்குறங்கிறதுதான் முக்கியம். லைன்னா ட்ரெயின் லைன்.

மேப்ப எடுத்துப் பாருங்க, மும்பை தெக்கு வடக்கா நீட்டி வச்ச முருங்கக்கா மாதிரி இருக்கும். மேக்கு ஓரமா வெஸ்டர்ன் லைன், தெக்க சர்ச்கேட்ல முடியும். நடுவுல சென்ட்ரல் லைன், அது சிஎஸ்எம்டில, அதாவது சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்ல முடியும், பழைய ஆளுங்க இன்னும் பழைய பேரு விக்டோரியா டெர்மினஸ சுருக்கி வி.டி.ன்னு தான் சொல்லுவோம். கெழக்க ஹார்பர், அதுவும் வி.டி.ல இருந்துதான். தெக்க வடக்க தூரமா இருந்தாலும் அஞ்சு, பத்து, பதினஞ்சு ரூபாய்க்குப் போயிரலாம், ஆனா கெழக்க இருந்து மேக்க போகணும்னா தான் தலவலி, ட்ராஃபிக்ல பஸ்ஸுல நின்னுட்டே ஒரு மணி நேரம் போயிரும். அதனால ஒரு லைனுக்கு மேல கை எட்டுற தூரத்துல இருக்குற எடமா பாத்து படுக்கணும். இத மனசுல வச்சுக்கிட்டு நாலயும் பாப்போம்.

டோம்பிவிலிய மொதல்ல முடிச்சிருவோம், அக்கா கோச்சுக்குவா. வாடகை பூஜ்யம், சாப்பாடு ரெண்டு வேளை ஃப்ரீ, சித்தி மீன் கொழம்பு நல்லா வைப்பாங்க. வி.டி.க்கு டிக்கெட் 15 ரூபா தான். ஆனா ஃபாஸ்ட் லோக்கல்லயே ஒண்ணே கால் மணி நேரம் போகும், வீட்ல இருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோவ சேத்தா போக ஒண்ணரை வர ஒண்ணரை, நாலு நாள்ல பன்னெண்டு மணி நேரம் ட்ரெயின்லயே போயிரும். அதுவும் காலைல எட்டு மணிக்கு டோம்பிவிலில வி.டி. ஃபாஸ்ட்ல புதுசா ஒருத்தன் பைய மாட்டிக்கிட்டு ஏறுறதுங்கறது நடக்காத காரியம், அங்க பொறந்து வளந்தவனே ரெண்டு ட்ரெயின விட்டுட்டு மூணாவதுல தான் தொத்துவான். இதெல்லாம் கூட பரவால்ல. சொந்தக்காரங்க வீட்ல தங்குனா ஒன்பது மணிக்கு "எங்கப்பா இருக்கீங்க, சாப்பாடு ஆறுது"ன்னு போன் வரும், ஒரு நாள் கட்டாயம் அவங்க கூட மால் போகணும், இன்னொரு நாள் அவங்க மச்சான் வீட்டுக்கு ஐரோலி போகணும். ஒரு மத்தியானம் போயி சாப்ட்டுட்டு ரெண்டு கிலோ ஸ்வீட்டு வாங்கிக் குடுத்துட்டு வந்துருங்கடா, மரியாதையும் போகாது நாளும் போகாது.

அடுத்து கொலாபா, ஃபோர்ட் பக்கம், அதாவது ஊரோட தெக்கு முனை. வெளிநாட்டுக்காரன்ல இருந்து நம்ம பசங்க வரைக்கும் மும்பைன்னா மொதல்ல தேடுறது இங்கதான். தப்பு சொல்ல மாட்டேன். காலைல ஆறரை மணிக்கு ட்ராஃபிக் வர்றதுக்கு முன்னாடி ஓவல் மைதானத்து நடுவுல போயி நின்னு பாத்தீங்கன்னா கெழக்கு பக்கம் ஹைகோர்ட்டு, யூனிவர்சிட்டி, ராஜாபாய் டவர்னு கூர் கூரா கோதிக் கட்டடம், அப்பிடியே முதுக திருப்புனா மேக்கு பக்கம் வரிசையா வளைவு பால்கனி வச்ச ஆர்ட் டெகோ வீடுங்க, நடுவுல பசங்க டென்னிஸ் பால்ல கிரிக்கெட் ஆடிட்டு இருப்பானுங்க. ரெண்டையும் சேத்துதான் 2018ல யுனெஸ்கோ பட்டியல்ல போட்டாங்க, வி.டி. ஸ்டேஷன் அதுக்கு முன்னாடியே 2004ல போயிருச்சு. பைசா செலவில்ல. அங்கிருந்து நடந்தே காலா கோடா, ஜஹாங்கீர் ஆர்ட் கேலரிக்கும் டிக்கெட் கெடையாது, பின்னாடி சந்துல 1884ல கட்டுன நீலக் கலர் யூதக் கோயில், கேட்வே ஆஃப் இந்தியா, சாயங்காலம் மரீன் டிரைவ். ஹார்னிமன் சர்க்கிள் பக்கம் போனா ஏஷியாட்டிக் லைப்ரரி படிக்கட்டுல உக்காந்து வெட்டிக்கத பேசலாம்.

பிரச்சன என்னன்னா இந்தப் பக்கம் கம்மி காசு கட்டில்ங்கறது இப்ப பெரிய காசு கட்டிலா ஆகிப்போச்சு. நா போன் போட்டு விசாரிச்ச வரைக்கும் ஏசி டார்மிட்டரி கட்டில் 900க்கு கொறயல, அதுவும் பொங்கல் லீவு வாரம்னா இன்னும் ஏத்துவான். ஆளுக்கு 1200ல 900 கட்டிலுக்கு போயிட்டா மிச்சம் 300. கொலாபா காஸ்வேல உக்காந்து சாப்ட்டா அந்த 300 ஒரு வேளைக்கு காணாது. வயித்த கட்டிக்கிட்டு வடா பாவும் கட்டிங் சாயும் (அர டம்ளர் டீ) னு ஓட்டலாம்தான், நாலு நாள் ஓட்டுனா வயிறு நம்மள ஓட்டும். இன்னொண்ணு, ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு மேல ஃபோர்ட்டு ஏரியா ஆபீஸ் மூடுன மாதிரி காலியாயிரும், ஆபீஸ் ஏரியா தான அது. ஊரு அங்க வேல பாக்கும், ஊரு அங்க குடியிருக்காது.

அங்க தங்கியே ஆகணும்னு ஆசையா இருந்தா ஒரு வழி இருக்கு. ரயில்வே ரிட்டயரிங் ரூம்லயே டார்மிட்டரி உண்டு, கையில கன்ஃபர்ம் டிக்கெட் இருந்தா அந்த பிஎன்ஆர் நம்பர வச்சு ஆன்லைன்ல போடலாம், ஆனா கெடைக்கிறது லாட்டரி மாதிரி. மும்பை சென்ட்ரல் ஸ்டேஷன்ல 2021ல பாட் ஹோட்டல் ஆரம்பிச்சாங்க, மார்ச்சுவரி டப்பா மாதிரி இருக்குன்னு எங்க வீட்டம்மா சொல்லுவா ஆனா உள்ள சுத்தமா தான் இருக்கு, ஆரம்பிச்சப்பவே 12 மணி நேரத்துக்கு 999 ரூபா. ராத்திரி வந்து காலைல கெளம்புறவனுக்கு சரி, நாலு நாளுக்கு கட்டுப்படியாகாது.

அந்தேரி ஹாஸ்டல் பத்தி எனக்கு முன்னாடி ஒரே அபிப்ராயம்தான், வேணாம்னு. கட்டில் 600க்கு கெடைக்குது, நல்ல வைஃபை, சாயங்காலம் மொட்டை மாடில கிட்டார் வாசிக்கிறானுங்க, எல்லாம் சரி, ஆனா வெஸ்டர்ன் லைன்ல அந்தேரில இருந்து தெக்க காலைல போறது குத்துயிரும் கொலையுயிருமா தான். நானே ஒரு தடவ சாயங்காலம் ஆறு மணிக்கு சர்ச்கேட்ல இருந்து அந்தேரி போறதுக்கு விரார் ஃபாஸ்ட்ல ஏறித் தொலச்சேன். அந்தேரில நிக்கத்தான் செஞ்சது, நா எறங்கணும்ல? கதவுக்கு நாலடி முன்னாடி வரைக்கும் வந்தேன், "விரார் வண்டில அந்தேரிக்காரன் எதுக்கு ஏறுன"ன்னு ஒருத்தன் கேட்டான், கேட்டுட்டு நகரவே இல்ல. போரிவலில எறங்கி திரும்பி வந்தேன், சட்டை பட்டன் ரெண்டு இல்ல.

ஆனா இப்ப நெலம மாறிப்போச்சுன்னு ஒத்துக்கணும். மெட்ரோ அக்வா லைன், அந்த அண்டர்கிரவுண்டு லைன், 2025 அக்டோபர்ல ஆரேல இருந்து கஃப் பரேட் வரைக்கும் முழுசா ஓட ஆரம்பிச்சிருச்சு, 33 கிலோமீட்டர் சொச்சம், 27 ஸ்டேஷன், ஏசி, உக்காரவும் எடம் கெடைக்கும். அந்தேரி ஈஸ்ட்ல மரோல் நாக்கா பக்கம் ஹாஸ்டல் கெடச்சா அங்கருந்து நேரா தாராவி, தாதர், சித்திவிநாயக், சிஎஸ்எம்டி எல்லாம் வேர்க்காம போயிரலாம். டிக்கெட் தூரத்துக்கு ஏத்த மாதிரி 10ல இருந்து 70 ரூபா வரைக்கும், போக வர ரெண்டு தடவ போனா கட்டில்ல மிச்சம் புடிச்ச காசுல பாதி இங்க போயிரும். தனியா வர்றவங்க, பேச்சுத் தொணைக்கு ஆள் வேணும்னு நெனைக்கிறவங்க, இத தாராளமா எடுக்கலாம். மூணு பேரு ஒண்ணா வர்றவனுக்கு கிட்டார் தேவையில்ல, இவனுங்க சத்தமே போதும்.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம், மாட்டுங்கா, தாதர், சயான். சொந்த ஏரியாங்கறதால தூக்கிப் பேசுறேன்னு நெனைக்கலாம், கொஞ்சம் உண்மதான், ஆனா கணக்கையும் கேளுங்க.

மாட்டுங்கா ஸ்டேஷன் சென்ட்ரல் லைன். இசட் மாதிரி மடங்கி மடங்கிப் போற நடபாலத்துல ஏறி எறங்குனா மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன், அது வெஸ்டர்ன். இந்தப் பக்கம் பத்து நிமிஷம் நடந்தா கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன், அது ஹார்பர். மூணு லைனும் நடக்குற தூரத்துல இருக்குற எடம் மும்பைலயே அபூர்வம். ஸ்லோ வண்டி தான் நிக்கும், அதனால என்ன, வி.டி.க்கு இருபத்தஞ்சு நிமிஷம் அஞ்சு ரூபா. மாட்டுங்கா ஸ்டேஷன்ல இன்னொரு விஷயம், 2017ல இருந்து ஸ்டேஷன் மாஸ்டர்ல இருந்து டிக்கெட் கவுண்டர் வரைக்கும் முழுக்க பொம்பளைங்களே நடத்துன ஸ்டேஷன், இந்தியாவுலயே அதான் மொதல்னு பேரு.

மாட்டுங்காவுலயே லாட்ஜ் கம்மி, தாதர் ஈஸ்ட்ல தேடணும், ஒரு ஸ்டேஷன் தூரம்தான, நடந்தே போயிரலாம். மூணு பேருக்கு எக்ஸ்ட்ரா பெட்டோட நான் ஏசி ரூம் 2000 பக்கம் சொல்றாங்க, ஆளுக்கு 700 கிட்ட வரும். கொலாபா டார்மிட்டரிய விட கம்மி, கதவ பூட்டிட்டு தூங்கலாம், சாக்ஸ காயப் போடலாம். சுத்தம் மட்டும் நேர்ல பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. போன வருசம் சிநேகிதன் ஒருத்தன் குடும்பம் வந்தப்ப ஒரு லாட்ஜ்ல ஆன்லைன்ல போட்ட ரூமுக்கு ஜன்னலே இல்ல, போட்டோல இருந்த ஜன்னல் எங்கன்னு கேட்டா "அது பக்கத்து ரூம் ஜன்னல்"ங்கறான். ஆதார் ஒரிஜினல் எல்லாரும் வச்சிருக்கணும், செக் அவுட் 24 மணி நேரக் கணக்கா காலைல பத்து மணியான்னு மொதல்லயே கேட்டுரணும், ரெண்டுக்கும் ஒரு நாள் வாடகை வித்தியாசம் வரும்.

சாப்பாட்டுல தான் மாட்டுங்கா ஜெயிக்கிறது. காலைல எந்திரிச்சு ஸ்டேஷன் வாசல்ல வந்தா வாழ எல, கதம்பம், மல்லி, துளசி மாலன்னு கட்டிட்டு இருப்பாங்க, கைய பூவுல வச்சுக்கிட்டே கஸ்டமர்ட்ட மராட்டி, குஜராத்தி பேசிட்டு பக்கத்துல இருக்குறவங்கள்ட்ட திரும்பி தமிழ்ல "ஏட்டி, அந்த நார எடு"ன்னுவாங்க. அங்கயே ராம் ஆஷ்ரய், 1939ல ஆரம்பிச்சது, விடியக்காலைலயே தெறந்துருவாங்க, வாசல்ல பேர் எழுதிப் போட்டுட்டு காத்துக் கெடக்கணும். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மெட்ராஸ், 1940, திங்கக்கெழம லீவு. ஸ்டேஷன ஒட்டி மாடில ராமா நாயக் உடுப்பி, 1942ல இருந்து எல போட்டு சாப்பாடு. இதுல எதுவும் உண்மைல தமிழ்க் கட இல்ல, பாதிக்கு மேல உடுப்பிக்காரங்க ஆரம்பிச்சது, க்யூல நிக்கிறதோ குஜராத்திங்க, சாம்பார் லேசா இனிக்கும், நம்ம பசங்க மொத நாள் மூஞ்சிய சுளிப்பானுங்க. அந்த இனிப்பு சாம்பார்தான் மாட்டுங்கா. தமிழன், கன்னடக்காரன், மலையாளி, குஜராத்தி எல்லாரும் ஒரே அடுப்புல எம்பது வருசமா கிண்டுன சாம்பார் வேற எப்பிடி இருக்கும்.

வெல கொறச்சலா வேணும்னா லாட்ஜுல இருந்து வெளிய வந்து காத குடுத்து கேளுங்க. சைக்கிள்ல ரப்பர் ஹாரன பாம் பாம்னு அமுக்கிட்டே அலுமினியத் தூக்குல இட்லி வடை கொண்டு வருவாங்க, மும்பைல எந்த மூலைல அந்த ஹாரன் கேட்டாலும் அந்த இட்லி பெரும்பாலும் தாராவில விடிகாலை மூணு மணிக்கு நம்ம ஆளுங்க அவிச்சது. தேங்கா சட்னி தண்ணியா தான் இருக்கும், ஆனா சூடு. என் கூட ஸ்கூல்ல படிச்ச பய ஒருத்தன் இன்னும் அதான் பண்றான், காலைல பத்து மணிக்குள்ள தூக்கு காலி, அப்புறம் தூங்கப் போயிருவான்.

அடுத்தது, கலவையான ஊரு கலவையான ஊருன்னு எல்லாரும் சொல்றாங்களே, அத நடந்தே பாக்குறதுக்கு இத விட எடம் கெடையாது. மாட்டுங்கால கோயில்ல சாமி கும்பிட்டுட்டு கால் மணி நேரம் நடந்தா ஃபைவ் கார்டன்ஸ், அத சுத்தி பார்சி காலனி, மரம் மூடுன தெரு, வெள்ள பனியன் போட்ட தாத்தா பால்கனில பேப்பர் படிச்சிட்டு இருப்பாரு, சத்தமே இருக்காது, மும்பைதானான்னு சந்தேகம் வந்துரும். சாயங்காலம் மாட்டுங்கா ரோட்டுல வெஸ்டர்ன் ஸ்லோ புடிச்சா அடுத்த ஸ்டேஷன் மாஹிம். மக்தூம் அலி மாஹிமி தர்கா, டிசம்பர் உருஸ்க்கு மும்பை போலீஸ்காரங்களே மொத சந்தனம் கொண்டு வருவாங்க. அங்கருந்து நடந்தா சீத்லாதேவி கோயில், அந்தாண்ட செயின்ட் மைக்கேல் சர்ச்சு. புதங்கெழம நொவேனா ஜெபத்துக்கு வாங்க, பர்தா போட்டவங்க, குங்குமம் வச்சவங்க, சிலுவ போட்டவங்க எல்லாரும் ஒரே லைன்ல மெழுகுவத்தியோட நிப்பாங்க, ரோடு மட்டும் நகராது. அப்பிடியே பாந்த்ரால மலை மேல இருக்குற மவுன்ட் மேரி சர்ச்சுக்கு போனா வாசல்ல மெழுகுல செஞ்ச கையி, காலு, கொழந்த, வீடுன்னு விப்பாங்க, எது வேண்டுதலோ அத வாங்கி வைக்கிறது. வேளாங்கண்ணி போனவங்களுக்கு புதுசா இருக்காது, ரெண்டு எடத்துலயும் திருவிழா செப்டம்பர் 8 ஒட்டித்தான். நா சின்னப் பையனா இருந்தப்ப எங்கம்மா வீடு வேணும்னு ஒரு மெழுகு வீடு வாங்கி வச்சா, கெடச்சது ஒரு ரூம் கிச்சன். பெரிய வீடா பாத்து வாங்கியிருக்கணும்னு இன்னும் சொல்லிட்டு இருக்கா.

பொங்கலுக்கு வர்றாங்கங்கறதால இன்னொரு காரணமும் சேந்துருது. பொங்கலன்னிக்கு தாராவி 90 ஃபீட் ரோட்டுக்கு வாங்கடா. தெருவுல செங்கல் வச்சு வரிசையா பான, கரும்பு, புகைல கண்ணு எரியும், பொங்குனதும் ஒவ்வொரு பானைக்கும் கொலவ, பின்னாடி கட மராட்டிக்காரன் சக்கரப்பொங்கலுக்கு தட்டோட நிப்பான். திருநெல்வேலி பக்கத்துல இருந்து தோல் பதனிடுற வேலைக்குன்னு நூறு வருசத்துக்கு முன்னாடியே வந்த குடும்பங்க இங்க உண்டு, பக்கத்துலயே கும்பார்வாடால சௌராஷ்ட்ரால இருந்து வந்த கொயவங்க, அந்தப் பானைல தான் இந்தப் பொங்கல். இப்ப ரீடெவலப்மென்ட்னு வேல ஆரம்பிச்சிருக்கு, அடுத்து எத்தன பொங்கல் அதே ரோட்டுல வைப்பாங்களோ தெரியல. சயான்ல எறங்குனாலும் நடந்து வந்துரலாம். காசு குடுத்து கைடு கூட கேமராவோட சந்து சந்தா போற டூர் வேணாம், எனக்கு புடிக்காது, ஒருத்தி தண்ணி புடிச்சிட்டு இருக்குறத எதுக்கு போட்டோ எடுக்கணும்? கூப்ட்டா போங்க, பொங்கல் குடுப்பாங்க, சாப்ட்டுட்டு வாங்க, கூட நா வரேன்.

காசு கணக்க ஒரு நாளைக்கு ஆளுக்குன்னு போட்டுப் பாத்தேன். கொலாபால கட்டில் 900, சாப்பாடு இழுத்துப் புடிச்சாலும் 400, வண்டி 30, ஆக மொத்தம் 1330, பட்ஜெட்ட தாண்டிருச்சு. அந்தேரில 600, சாப்பாடு 350, மெட்ரோ லோக்கல் எல்லாம் சேத்து 130, 1080. தாதர் மாட்டுங்கால 700, சாப்பாடு 300, வண்டி 40, 1040. அந்தேரிக்கும் இதுக்கும் நாப்பது ரூபா தான் வித்தியாசம், ஆனா தெனம் ஒண்ணரை மணி நேரம் மிச்சம். நாலு நாள்ல ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்துல எலிஃபன்டா தீவு குகைக்கு போயிட்டு வந்துரலாம், கேட்வேல இருந்து படகுல ஒரு மணி நேரம், போக வர 260 கிட்ட ஆகும், உள்ள டிக்கெட் 40. மூணு முகம் தெரியுற அந்த சதாசிவம் செல இருபது அடி ஒசரம், குகைக்குள்ள கண்ணு பழகுனதுக்கு அப்புறம் மெதுவா இருட்டுல இருந்து வெளிய வரும், அதுக்கு 300 ரூபா குடுக்கலாம். திங்கக்கெழம மூடியிருக்கும். அந்தக் காசும் இல்லன்னா போரிவலி நேஷனல் பார்க் உள்ள கன்ஹேரி, நூத்துக்கும் மேல புத்தர் குகை, அதுவும் திங்கக்கெழம லீவு. ஆக திங்கக்கெழமய ஹாஜி அலி, தோபி காட், கிராஃபோர்ட் மார்க்கெட்டுன்னு வச்சுக்கணும். ஹாஜி அலி தர்காவுக்கு கடல் நடுவுல போற பாத கடலேத்தம் வந்தா முங்கிரும், நேரம் பாத்து போகணும்.

ஆட்டோ பத்தி ஒண்ணு சொல்லணும். சயான், மாஹிமுக்கு தெக்க ஆட்டோவே கெடையாது, அந்தப் பக்கம் காலி பீலின்னு சொல்ற கருப்பு மஞ்ச டாக்சி தான், மீட்டர் 31 ரூபாய்ல ஆரம்பிக்கும். பாந்த்ரால இருந்து வடக்க ஆட்டோ, 26ல ஆரம்பிக்கும். ரெண்டுலயும் மீட்டர் போடுவாங்க, மெட்ராஸ்ல பேரம் பேசிப் பழகுனவங்க ஏறுறதுக்கு முன்னாடி "எவ்வளவு"ன்னு கேட்டு நாமளே கெடுத்துக்கக் கூடாது, பேசாம ஏறி உக்காரணும். மூணு பேரு சேந்து போனா சில நேரம் பஸ்ஸுக்கும் டாக்சிக்கும் பெருசா வித்தியாசம் வராது. பெஸ்ட் பஸ் இப்ப கம்மியே பத்து ரூபா ஆக்கிட்டாங்க, 2025 மே வரைக்கும் அஞ்சா இருந்தது.

லோக்கல்ல காலைல எட்டரைல இருந்து பதினொண்ணு வரைக்கும் தெக்க போகாதீங்க, சாயங்காலம் அஞ்சரைல இருந்து ஒன்பது வரைக்கும் வடக்க வராதீங்க. அந்த நேரத்துல மாட்டுங்காலயே நடந்து சுத்துறதுக்கு வேண்டியது இருக்கு, இதுவும் இங்க தங்குறதுல ஒரு லாபம், கூட்டம் ஒரு பக்கம் போகும்போது நாம நடுவுல இருக்கோம். ஞாயித்துக்கெழம சென்ட்ரல், ஹார்பர்ல மெகா பிளாக்குன்னு ரிப்பேருக்கு வண்டிய கொறச்சிருவாங்க, அன்னிக்கு வெஸ்டர்ன்ல போங்க, பாலம் ஏறுனா அந்த லைன் தான. உள்ள மூணு பேரு உக்காருற சீட்ல "தோடா சர்க்கோ" (கொஞ்சம் நகருங்க) ன்னு சொன்னா நாலாவதா உக்கார விடுவாங்க, ஃபோர்த் சீட்டுன்னு அதுக்கு பேரு, பாதி ஒடம்பு தான் சீட்ல இருக்கும், பாதி காத்துல, யாரும் சண்ட போட மாட்டாங்க. எறங்குறதுக்கு ரெண்டு ஸ்டேஷன் முன்னாடியே எந்திரிச்சு முன்னாடி நிக்கிறவன "தாதர் உத்ரேங்கே க்யா?" (தாதர்ல எறங்குவீங்களா?) ன்னு கேட்டு அவன் பின்னாடி சேந்துக்கணும்.

பொண்ணுங்க மட்டும் வர்றதா இருந்தா நா வேற மாதிரி சொல்லுவேன். லேடீஸ் கம்பார்ட்மென்ட் இருக்குறதால ட்ரெயின் பயமில்ல, ஆனா தாதர் லாட்ஜுங்க எல்லாத்தயும் நம்பி அனுப்ப மாட்டேன், மரோல் பக்கம் லேடீஸ் டார்மிட்டரி இருக்குற ஹாஸ்டலோ, காசு கொஞ்சம் கூடுனாலும் கொலாபாவோ தேவல. ரெண்டே நாள் தான்னாலும் கொலாபா தான், நாலஞ்சு நூறு கூட போனா போகட்டும், நடந்தே பாத்துட்டு கெளம்பிரலாம்.

பயகிட்ட இதெல்லாம் சொன்னேன். நாலாவது நிமிஷமே "சரி மாமா, தாதர் லாட்ஜே போடுங்க, ஜன்னல் இருக்கானு மட்டும் பாத்துருங்க"ன்னான். நேத்து வேல முடிஞ்சு போயி பாத்தேன். ரெண்டாவது மாடி, ஜன்னல் இருக்கு, தெறந்தா கீழ பூக்கட, தண்டவாளம் தெரியுது, வண்டி சத்தம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் இருக்கும், நாலு மணிக்கு திரும்ப ஆரம்பிச்சிரும். ஐநூறு ரூபா அட்வான்ஸ் குடுத்துட்டு வந்தேன். அக்காவுக்கு இன்னும் சொல்லல.